நம் மண்ணிற் பிறந்த பரிக்குப் பரிசில் எங்கே?

(மன்னாரிற் கூடிய கமக்காரர், கால்நடை வளர்ப்போர், கற்றறிந்த தொழிலோர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

இன்றைய கூட்டத்தின் பொருள் குதிரைக்குப் பரிசு என்று கேள்வியுற்று நகைத்தவர் சிலர் உண்டு. காணிப் பிரச்சினை இருக்கிறது. கடலிலே இழுவைமடிப் படகுகளின் தொல்லை இருக்கிறது. மேய்ச்சற்றரை கேட்டுக் கேட்டு ஓய்ந்த பட்டிக்காரர் இருக்கின்றனர். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் குதிரையைப் பற்றியும் கழுதையைப் பற்றியும் பேசுவதற்கு இதுவா நேரம் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. நமது விடையும் நேரானதே. இம் மண்ணில் விளைவதற்கு மதிப்பளிப்பவர் யார் என்பதே காணிப் பிரச்சினையின் உள்ளீடு. கடற் பிரச்சினையின் உள்ளீடும் அதுவே. குதிரையை எடுத்துக்கொண்டால் அவ்வுள்ளீடு இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட நீளத்தில் நம் கண்முன் விரிகிறது. அதனாற்றான் குதிரையை எடுத்துக்கொண்டோம்.

சுருங்கச் சொன்னால் நாம் சொல்ல வந்தது இதுதான். இக் கரையோரத்தை ஆண்ட அரசுகள், வெளியிலிருந்து வந்த விலங்குக்குச் சலுகை கொடுத்த சான்றுகள் உள. இங்கே பிறந்த விலங்கை வளர்த்த குடிமகனுக்குப் பரிசளித்த சான்றை நாம் தேடியும் காண்கிலோம். அந்த வழக்கம் மாறவேண்டும். மாற்றுவதற்கான அதிகாரம் சட்டப்படி நம் மாகாணத்துக்கு உண்டு.

வந்த குதிரைக்கு வரிவிலக்கு

இக் கரையின் பழைய கதை குதிரையோடு பிணைந்தது. அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் கடல்வழியே குதிரை கொணர்ந்து விற்ற வணிகன் ஒருவனின் மைந்தர் என்று மகாவம்சமே கூறுகின்றது. அது கிறித்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டின் செய்தி. அநுராதபுரத்துக்குக் கடல்வாயிலாக விளங்கியது நமது மாந்தைத் துறையே. அப்பால் காவிரிப்பூம்பட்டினத்திலும் கடல்வழி வந்த குதிரைகள் நின்றமையைப் பட்டினப்பாலை பாடுகின்றது.

கி.பி. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்னும் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிரேக்கர் ஒருவர் இலங்கையின் வணிகத்தைப் பற்றி எழுதிவைத்தார். இத்தீவின் அரசன் யானையை அதன் உயரத்தை அளந்து விலைகொடுத்து வாங்குவான் என்றும், பாரசீகத்திலிருந்து குதிரை கொணர்வோரிடம் குதிரையை வாங்கிக்கொண்டு அவர்க்குச் சுங்கத் தீர்வையை விலக்கிவிடுவான் என்றும் அவர் குறித்துள்ளார். பெரியோர்களே, கூர்ந்து கவனியுங்கள்! குதிரைக்காக அரசு அளித்த ஊக்கச் சலுகை ஒன்று 1400 ஆண்டுகட்கு முன்னரே இத்தீவில் இருந்திருக்கின்றது. ஆனால் அதைப் பெற்றவன் யார்? இறக்குமதி செய்தவன். இங்கே ஒரு குட்டியைப் பிறப்பித்து வளர்த்தவன் அல்லன்.

கடலுக்கு அப்பால் பாண்டிய நாட்டிலும் இதே கதைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே கீசுத் தீவின் வணிகன் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தான். தலைக்கு 220 பொற்காசு விலை. கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரச களஞ்சியத்திலிருந்தே விலை கொடுக்கப்படும் என்பது அவ்வொப்பந்தத்தின் விதி. இதனை வஸ்ஸாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். இன்றைய மொழியிற் சொன்னால், இழப்பு முழுவதையும் அரசே ஏற்றுக்கொள்ளும் காப்புறுதி. கரையேறாமற் செத்த அயல்நாட்டுக் குதிரைக்கும் விலை உண்டு. உள்ளூரில் உயிரோடு நின்ற குட்டிக்கோ ஒரு காசும் இல்லை.

நம் சமய மரபிலே மாணிக்கவாசகர் வரலாற்றை அறியாதார் யார்? அரசன் கொடுத்த பெரும்பொருளுடன் அமைச்சர் போனது எதற்கு? கடற்றுறையிலே குதிரை வாங்கவே. நரி பரியான திருவிளையாடலைக் கேட்டு நாம் உள்ளம் உருகுகின்றோம், உருகுதல் தகும். அதே வேளையில் ஒரு செய்தியையும் மறத்தல் ஆகாது. புராணத்திலும் குதிரை வெளியிலிருந்தே வருகின்றது. களஞ்சியம் வெளியே போகின்றது.

இந்த மண்ணிற் குதிரை வளராதா?

ஏன் இவ்வாறாயிற்று? இந்த மண்ணிலும் வெயிலிலும் குதிரை வளராது என்னும் முடிவைப் பலர் சொல்லிவைத்தனர். அவர்களுள் தலையாயவர் மார்க்கோ போலோ. பாண்டிய நாட்டைப் பற்றி அவர் எழுதியவை இரண்டு செய்திகள். நல்ல பெட்டையும் நல்ல பொலிக்குதிரையும் சேர்ந்தாலும் இங்கே பிறப்பது கோணற்காற் குட்டியே என்பது ஒன்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின. ஏனெனிற் குதிரையைப் பேணத் தெரிந்த வைத்தியர் இந்நாட்டில் இல்லை. குதிரை விற்ற வணிகரோ அத்தகைய வைத்தியர் எவரையும் இங்கு வரவிடாமற் பார்த்துக்கொண்டனர் என்பது மற்றொன்று.

முதற்செய்தியைப் பிடித்துக்கொண்டவர் பலர். இரண்டாவது செய்தியைக் கவனித்தவர் சிலர். வழக்குமன்றத்திலே இரு சாட்சியங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நமது பழக்கம். அவ்வாறு பார்க்குங்கால் உண்மை தெளிவாகின்றது. குற்றம் மண்ணின் மீதன்று. விற்பவனுக்கு மீண்டும் மீண்டும் விற்கவேண்டும். வாங்குபவனுக்கு வளர்க்கத் தெரியக்கூடாது. அறிவை வரவிடாமல் தடுத்தவன் ஆதாயம் பெற்றான். இந்த உத்தியை விதைநெல் முதல் மருந்து வரை இன்றும் காணாத கமக்காரர் இந்த மண்டபத்தில் உண்டோ?

மண் குற்றமற்றது என்பதற்குச் சாட்சி நமது வட கடலிலேயே நிற்கின்றது. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டிற் கட்டினர். ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிற் பறித்தனர். மன்னாரும் வடக்கேயுள்ள நெடுந்தீவும் ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்து ஆட்சி ஒன்றின்கீழேயே இருந்தன. போர்த்துக்கேயர் தொடங்கிய குதிரை வளர்ப்பை நெடுந்தீவிலே ஒல்லாந்தர் விரித்து நடத்தினர். தீவிலே மந்தையாக மேயவிட்டு, வளர்ந்தவற்றைப் பிடித்துப் பழக்கினர். அவர்கள் கட்டிய குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நெடுந்தீவிற் சிதைந்து நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் அப்பணி கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் புல்லையும் உவர்ந்த காற்றையும் கோடை வறட்சியையும் தாங்கி இன்றுவரை வாழ்கின்றன. உருவிற் சிறிய மட்டக்குதிரைகள்தாம்; ஆயினும் கோணற்காற் குட்டிகள் அல்ல. வைத்தியனும் இன்றி, தீவனமும் இன்றி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாமே பெருகிய இனம் அது. மார்க்கோ போலோவுக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுமா?

எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒல்லாந்தர் குதிரை வளர்த்தனர். தீவுமக்களைக் குதிரை வளர்ப்போராக ஆக்கவில்லை. பண்ணை கும்பினியுடையது, இலாபமும் கும்பினியுடையது. ஆகவே ஆட்சி போனபின் பண்ணையும் போயிற்று. குடிமகனின் முற்றத்தில் வேரூன்றாத எந்தத் தொழிலுக்கும் இதுவே முடிவு.

பிறநாட்டார் செய்த ஏற்பாடு

இனிப் பிறநாடுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1973ஆம் ஆண்டிற் சட்டமொன்றின் மூலம் ஒரு குதிரை வளர்ப்பு நிதியை நிறுவிற்று. குதிரைப் பந்தயங்களிற் கட்டப்படும் பணத்தில் ஒரு சிறு விகிதம் அந்நிதிக்குப் போகும். அம்மாநிலத்திலே பிறந்து பதிவுசெய்யப்பட்ட குதிரை பந்தயத்தில் முன்னணிக்கு வந்தால், இன்றைய சொந்தக்காரனுக்கு மட்டுமன்றி, அதனைப் பிறப்பித்து வளர்த்தவனுக்கும் பரிசுப் பங்கு கொடுக்கப்படும். அவன் அக்குதிரையைக் குட்டியாக இருக்கும்போதே விற்றிருந்தாலும் அப்பங்கு அவனைத் தேடிவரும். பிரான்சு நாட்டிலும் அந்நாட்டிற் பிறந்த குதிரைகளை வளர்த்தோர்க்கு இத்தகைய ஊக்கத்தொகை உண்டு.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் எங்கே இருக்கின்றது? பரிசு பிறப்போடு கட்டப்பட்டிருக்கின்றது. வெளியிலிருந்து எத்துணை உயர்ந்த குதிரையை வாங்கிவந்தாலும் அப்பங்கு கிட்டாது. ஆகவே உள்ளூரிலே பெட்டைக்குதிரையை வைத்திருப்பது இலாபம் ஆகின்றது. அதற்குப் புல் வேண்டும். புல்லுக்கு நிலம் வேண்டும். ஆகவே விளைநிலம் வீட்டுமனையாக மாறாமல் நிற்கின்றது. லாடம் அடிப்பவனுக்கும் வைத்தியனுக்கும் வைக்கோல் விற்பவனுக்கும் பிழைப்பு உண்டாகின்றது. குதிரைக்குக் கொடுத்ததாகத் தோன்றும் பணம் உண்மையிற் கிராமத்துக்குக் கொடுத்த பணம்.

குதிரைப் பந்தயமும் சூதும் நமக்கு வேண்டா. அதில் நமக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடில்லை. பந்தயத்தை விட்டுவிட்டு, வளர்த்தவனைத் தேடிச்சென்று பரிசளிக்கும் நெறியை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். பந்தயமின்றி அவ்வாறு செய்யமுடியுமா என்று கேட்பீர்களாயின், அயலில் இந்தியாவைப் பாருங்கள். நாட்டு மாட்டினங்களையும் எருமைகளையும் சிறப்பாக வளர்க்கும் பாலுற்பத்தியாளர்க்கு 2021ஆம் ஆண்டு முதற் கோபால் ரத்னா என்னும் தேசிய விருதை அந்நாட்டு அரசு வழங்கிற்று. முதற்பரிசு 5 இலட்சம் ரூபாய். இரண்டாவது 3 இலட்சம். மூன்றாவது 2 இலட்சம்.

அதனினும் நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரமாக இருந்த கழுதைகள் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்தன. குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 6 இலட்சத்து 25 ஆயிரத்திலிருந்து 3 இலட்சத்து 40 ஆயிரமாயின. நிலைமையை உணர்ந்த இந்திய அமைச்சரவை 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தேசியக் கால்நடைத் திட்டத்தைத் திருத்திற்று. குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றை வளர்க்கத் தொழில் தொடங்குவோர்க்கு மூலதனச் செலவில் நூற்றுக்கு 50 பங்கு, 50 இலட்சம் ரூபாய் உச்சமாக, மானியமளிக்க முடிவுசெய்யப்பட்டது. தனியொருவரும் பெறலாம்; சுயஉதவிக் குழுவும் பெறலாம்; உழவர் நிறுவனமும் பெறலாம். குதிரையையும் கழுதையையும் ஒரே வரியில், ஒரே உரிமையோடு அத்திட்டம் எழுதியிருப்பதை நோக்குங்கள். கழுதையும் குதிரைக் குலத்ததே என்பதை அரசாணை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாம்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மன்னார்க் கழுதையின் வழக்கு

இப்போது மன்னாருக்கு வருவோம். பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தை அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பர். மன்னார்த் தீவின் கழுதைகளையும் அவர்களே கொணர்ந்தனர் என்பது வழக்கு. பெருக்கமரத்தைக் காண வெளிநாட்டார் வருகின்றனர். அதற்கு வேலி கட்டியிருக்கின்றோம். கழுதைக்கோ வேலியுமில்லை, வீடுமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பொதி சுமந்த விலங்கு, லொறி வந்த நாளோடு தெருவுக்குத் தள்ளப்பட்டது. இரவு வேளையிற் பெருந்தெருவில் நின்று வாகனத்தில் அடிபடுகின்றது; குப்பை மேட்டில் நின்று பொலித்தீன் பையைத் தின்கின்றது. மன்னாரிலே கழுதைகளுக்கெனச் சிகிச்சை நிலையமொன்றைப் பிரிட்ஜிங் லங்கா என்னும் தொண்டு நிறுவனம் அமைத்தது. அங்கே காயமுற்ற கழுதைகளுக்கு மருந்திடப்பட்டது. தொண்டர்களை நாம் வாழ்த்துகின்றோம். ஆனால் தொண்டு நிறுவனம் செய்வதைப் பார்த்துக்கொண்டு சட்டம் உறங்கக்கூடாது.

சட்டம் எவ்வாறு உறங்குகின்றது என்பதைச் சொல்கின்றோம். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். அதில் எழுதப்பட்ட உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. 1907ஆம் ஆண்டில் 100 ரூபா பெருந்தொகை; இன்று அது ஒரு தேநீர்க் காசு. மறுபுறத்திலே கட்டாக்காலிகளுக்கு எதிரான விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி விலங்கைப் பிடிக்கலாம், அடைக்கலாம், உடையவன் வந்தால் தண்டம் அறவிடலாம்.

உடையவன் வருவானா? இங்கேதான் வழக்கின் முடிச்சு இருக்கின்றது. கழுதை எனது என்று சொன்னால் தண்டம். எனதன்று என்று சொன்னால் ஒன்றுமில்லை. தண்டத்தைத் தவிர வேறொன்றையும் அறியாத சட்டம் உடையவனை ஒளியச் செய்கின்றது. உடையவன் ஒளிந்தபின் விலங்கு எவருடையதுமன்று. எவருடையதும் அல்லாத விலங்குக்குத் தண்ணீர் வைப்பாருமில்லை, நோய் பார்ப்பாருமில்லை. பரிசளிக்கும் சட்டமோ இதற்கு நேர்மாறானது. பதிவுசெய்த கழுதைக்கு ஊக்கத்தொகை உண்டு என்று அறிவித்துப் பாருங்கள். இது எங்கள் வளவிற் பிறந்தது, இதன் தாய் எங்கள் பாட்டன் காலத்தது என்று உடையவர் தாமே முன்வருவர். தண்டம் உடையவனை மறைக்கின்றது. பரிசு அவனை வெளியே கொணர்கின்றது. இந்தக் கூட்டத்திலிருந்து ஒரேயொரு வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டுமாயின், அன்பர்களே, இதனை எடுத்துச்செல்லுங்கள்.

நகரத்தார் ஒரு மறுப்பை எழுப்புவர். கழுதை பெருகித் தெருவை மறிக்கின்றது என்றல்லவா முறையிடுகின்றோம். இன்னும் பெருக்குவதற்குப் பரிசா என்பர். பெருக்குவதற்கன்று, பேணுவதற்கே பரிசு. உடையவனுள்ள கழுதையை எண்ணலாம், அடையாளமிடலாம், மிதமிஞ்சிய கடுவன்களுக்குக் காயடிக்கலாம், இரவில் அடைத்துவைக்கலாம். உடையவனில்லாத கழுதையை என்செய்ய முடியும்? கழுதையின் சினைக்காலம் ஏறத்தாழ ஓராண்டு. ஈற்றுக்கு ஒரு குட்டி. ஆட்டைப்போல விரைந்து பலன் தரும் விலங்கன்று. ஆகவேதான் வளர்ப்பவனுக்கு அரசு கைகொடுக்கவேண்டும் என்கின்றோம்.

நெடுந்தீவின் நிலை

நெடுந்தீவுக் குதிரைகளின் நிலை வேறுவகையானது. 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நெடுந்தீவின் 1846 ஹெக்டேயர் நிலப்பரப்பு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதே வேளையில் நமது மன்னாரின் ஆதாம் பாலத் திட்டுகளும் மடு வீதிக் காடும் அவ்வாறே தேசியப் பூங்காக்களாயின. வனசீவராசிகளைக் காக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் பூங்கா என்று பெயரிட்டதும் அதிகாரம் கொழும்பிலுள்ள திணைக்களத்தின் கைக்குப் போய்விடுகின்றது. கோடையிலே கேணிகள் வற்றும்போது, தாகத்தால் விழும் குதிரைக்குக் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றுபவன் யார்? தீவில் வாழும் குடிமகன். அவனுக்கு அச்சட்டத்திலே பார்வையாளன் என்னும் இடமுண்டு. வளர்ப்பவன் என்னும் இடமில்லை.

மன்னாரில் உடையவன் ஒளிகின்றான். நெடுந்தீவில் உடையவன் விலக்கப்படுகின்றான். இரண்டிடத்தும் நோய் ஒன்றே. விலங்கையும் மனிதனையும் சட்டம் பிரித்துவைத்திருக்கின்றது. ஊக்கப் பரிசு என்பது அவ்விருவரையும் மீண்டும் சேர்த்துவைக்கும் கயிறு.

அதிகாரம் யாரிடம்?

இதற்கெல்லாம் யாரிடம் போய்க் கையேந்துவது என்று கேட்பீர்கள். கையேந்த வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஒன்பதாம் அட்டவணையின் மாகாண சபைப் பட்டியலிலே, கால்நடை வளர்ப்பை வைத்திருக்கின்றது. மாகாணத்துக்குள் கால்நடைகளைக் காத்தல், அவற்றின் இனத்தை மேம்படுத்தல், நோய் தடுத்தல் ஆகியன மாகாணத்தின் அதிகாரம். வட மாகாணத்துக்கெனக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் இருக்கின்றது; மிருகவைத்தியர்களும் இருக்கின்றனர். பரிசு நிதியொன்றை நிறுவும் நியதிச்சட்டத்தை மாகாண சபை இயற்றலாம். பணச்செலவு உள்ளமையால் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி ஆளுநரின் சிபாரிசு வேண்டும்; அவ்வளவே.

அதிகாரம் அற்பமானது, அரைகுறையானது என்று நாம் பல மேடைகளிற் கூறியிருக்கின்றோம். அக்கருத்தை இன்றும் கைவிடவில்லை. எனினும் இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இல்லாத அதிகாரத்தைக் கேட்பவனின் வழக்கு வலுவிழக்கும். 2013ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட முதலாவது வட மாகாண சபையின் ஆயுள் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்கள் தேர்ந்த சபையின்றி நியதிச்சட்டம் எங்கிருந்து வரும்? சபையில்லாத மாகாணத்துக்கும் உடையவனில்லாத கழுதைக்கும் என்ன வேற்றுமை? இரண்டையும் எவரும் ஓட்டலாம், எவரும் பொறுப்பேற்கமாட்டார். ஆகவே குதிரைக்குப் பரிசு கேட்கும் இந்தக் கோரிக்கை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை வேண்டும் என்னும் கோரிக்கையின் ஒரு கிளையேயாகும்.

எமது ஐந்து விதிகள்

பரிசு வேண்டும் என்று பொதுவாகக் கூறிவிட்டால் அது மண்குதிரையாகிவிடும். அதனை நம்பி ஆற்றில் இறங்க முடியாது. எனவே நியதிச்சட்டத்தில் அமையவேண்டிய ஐந்து விதிகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது: பரிசு பிறப்புக்கும் பேணலுக்கும் உரியது, அழகுக்கும் ஓட்டத்துக்கும் உரியதன்று. வட மாகாணத்திலே, இங்குள்ள தாய்க்குப் பிறந்த மட்டக்குதிரைக் குட்டியும் கழுதைக் குட்டியுமே பதிவுக்கு உரியன. வெளியிலிருந்து கொணர்ந்த விலங்குக்கு இந்நிதியில் இடமில்லை.

இரண்டாவது: தொகையை மூன்று தவணையாகக் கொடுக்கவேண்டும். பதிவானதும் ஒரு பகுதி. ஓராண்டு முடிவில் விலங்கு நலமாக இருப்பதை மிருகவைத்தியர் சான்றுரைத்தபின் ஒரு பகுதி. மூன்றாம் ஆண்டின் முடிவில் எஞ்சிய பகுதி. அப்போதுதான் பணம் வாங்கியதும் தெருவில் அவிழ்த்துவிடும் தந்திரம் செல்லாது.

மூன்றாவது: ஒரு பெருந்தனவந்தருக்கு ஒரு பெரிய வெள்ளிக் கிண்ணம் என்னும் முறை கூடாது. சிறு தொகை, பல குடும்பங்களுக்கு. ஒரு வீட்டுக்கு இத்தனை விலங்கு என்னும் உச்சவரம்போடு. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு முன்னுரிமை.

நான்காவது: விலங்கில்லாதவனும் பங்குபெற வழி வேண்டும். நெடுந்தீவிலே கோடையில் நீர்த்தொட்டி நிரப்புவோர்க்கும், மன்னாரிலே பொதுமேய்ச்சற்றரையைக் காப்போர்க்கும் நிதியில் ஒரு பங்கு ஒதுக்கப்படல் வேண்டும். மேய்ச்சற்றரையின்றிக் கால்நடைக்குப் பரிசு என்பது இலையின்றிச் சோறு பரிமாறுவது போன்றது.

ஐந்தாவது: தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் இவ்விலங்குகளை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோவதை முற்றாகத் தடுக்கவேண்டும். இது வீண் அச்சமன்று. கழுதைத் தோலிலிருந்து காய்ச்சியெடுக்கும் ஒருவகைப் பசைக்குச் சீனாவிலே மருந்தெனப் பெருமதிப்பு உண்டு. அதனால் ஆபிரிக்கக் கண்டத்திற் கழுதைகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. ஏழைக் குடியானவர் தம் சுமைவிலங்கை இழந்தனர். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் அடிஸ் அபாபாவிற் கூடிய ஆபிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள், தோலுக்காகக் கழுதை கொல்வதை 15 ஆண்டுகளுக்குத் தடைசெய்யத் தீர்மானித்தனர். அங்கே தடுக்கப்பட்ட வணிகம் வேறு கரை தேடும். நம் கரை கப்பலுக்குப் புதிதன்று. முன்பு குதிரை இறங்கிய துறையிலே நாளை கழுதைத்தோல் ஏறாதிருக்க இன்றே சட்டம் வேண்டும்.

செய்யவேண்டியது

சபை வரட்டும், சட்டம் வரட்டும் என்று காத்திருக்கும் வேலையையும் உங்களுக்கு நாம் சொல்லப்போவதில்லை. சட்டத்துக்கு முன்னே வருவது கணக்கு. எத்துணை விலங்குகள், எவருடைய வளவில், எந்த மேய்ச்சற்றரையில் என்னும் கணக்கு கையிலில்லாமல் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஒரு சதமும் ஒதுக்கப்படாது. அந்தக் கணக்கை எடுக்க அரசாணை வேண்டா. கிராமத்துக்கு ஒரு கொப்பியும் இரண்டு இளைஞரும் போதும்.

பேசாலையிலும் தலைமன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் இருக்கும் அன்பர்கள் தத்தம் ஊர்க் கழுதைகளைக் கணக்கெடுங்கள். நானாட்டான், முருங்கன் பக்கத்துக் கமக்காரர்கள் மேய்ச்சற்றரை என்று முன்பு வழங்கிய நிலங்களின் பெயரையும் எல்லையையும் முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆசிரியர்கள் அக்கணக்கைச் சரிபாருங்கள். மிருகவைத்தியர்கள் சான்றுப் படிவத்தை வகுத்துத் தாருங்கள். நியதிச்சட்டத்தின் வரைவை எழுதும் பொறுப்பைச் சட்டத்தரணிகளாகிய நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அடுத்த போகத்து விதைப்புக்கு முன் இவை மூன்றும் ஒரே கட்டாக நகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் கையளிக்கப்படல் வேண்டும். தேர்தலில் வாக்குக் கேட்டு வருகின்ற ஒவ்வொருவரிடமும், எமது கட்சியினர் உட்பட, அந்தக் கட்டைக் காட்டி, இதனை நிறைவேற்றுவீரா என்று கேளுங்கள்.

தோழர்களே! நம் முன்னோர் காலத்து வேந்தர், கடலிற் செத்த குதிரைக்கும் பொன் கொடுத்தனர். அத்தகைய பொன் நம்மிடமில்லை. நாம் கேட்பதும் பொன்னன்று. இந்த மண்ணிற் பிறந்து, இந்த வெயிலைத் தாங்கி, இந்த மக்களின் கையாற் தண்ணீர் குடித்து உயிரோடு நிற்கும் ஒரு குட்டிக்கு, அதனை வளர்த்தவன் பெயரில் ஒரு பதிவும் ஒரு பரிசும் கேட்கின்றோம். இங்கே பிறந்ததற்கு மதிப்பு உண்டு என்று சட்டப்புத்தகத்தில் ஒரு வரி எழுதப்பட்டால், அந்த வரி குதிரையோடு நின்றுவிடாது; நெல்லுக்கு வரும், மீனுக்கு வரும், மனிதனுக்கும் வரும். கணக்கெடுக்கும் வேலை நாளையே தொடங்கட்டும்.